லீசலா, இவானா? போர் அநாதைகளாக்கிய இருவர், இரண்டு படங்கள்

நாவலைப் படமாக்கும்போது முதலில் தொலைவது கதைசொல்லியின் குரல்தான். ஆட்களையும் சம்பவங்களையும் திரைக்குக் கொண்டுவந்துவிடலாம். அவற்றைச் சொன்ன தொனியை என்ன செய்வது? இரண்டாம் உலகப் போர் அநாதையாக்கிய குழந்தைகளைப் பற்றிய இரண்டு படங்களை அடுத்தடுத்த இரவுகளில் மறுபடி பார்த்தபோது இந்தக் கேள்விதான் குடைந்தது. ஒன்று, 2013இல் பிரையன் பெர்சிவல் இயக்கிய ‘தி புக் தீஃப்’. மற்றது, ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் முதல் முழுநீளப் படமான ‘இவானின் குழந்தைப்பருவம்’ (1962).

‘தி புக் தீஃப்’ படத்துக்கு மூலமான மார்கஸ் ஜூசாக்கின் நாவலில் லீசல் என்ற சிறுமியின் கதையைச் சொல்வது மரணம். வேலை செய்தே அலுத்துப்போன, கொஞ்சம் நக்கல் பிடித்த மரணம். பக்கத்து வீட்டு ரூடி சாகப்போகிறான் என்பதை வெகு முன்னாலேயே போட்டு உடைத்துவிடும். அதற்கப்புறம் அவன் லீசலிடம் முத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நமக்குப் பகீரென்கிறது. படத்திலும் மரணம் பேசத்தான் செய்கிறது, ஆனால் ஓரமாக நின்று. ரூடியின் முடிவைக் கடைசிவரை மூடிவைத்துவிட்டார்கள். குண்டுவீச்சுக்குப் பிறகு நாவலில் லீசல் காண்பது அவன் சடலத்தை. படத்தில் அவனுக்குக் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கிறது, ஏதோ சொல்ல வாயெடுக்கிறான், முடிக்காமல் போகிறான். நான் அழுதேன், சரி. ஆனால் ஏமாற்றி அழவைத்த மாதிரி இருந்தது.

லீசல் வீட்டு நிலவறையில் ஒளிந்திருக்கும் யூத இளைஞன் மாக்ஸ், ஹிட்லர் எழுதிய ‘மைன் காம்ப்’ புத்தகத்தின் பக்கங்களுக்கு வெள்ளையடித்து, அதன்மேல் தன் கதையை 13 பக்கம் வரைந்து லீசலுக்குக் கொடுப்பான். நாவலில் அந்தப் பக்கங்கள் அப்படியே அச்சாகியிருக்கும். வெள்ளைக்கு அடியில் பழைய எழுத்து மங்கலாகத் தெரியும். படத்தில் அவன் தருவது அவள் எழுதுவதற்கான வெற்றுத்தாள்கள். கேமராவுக்கென்றே செய்துவைத்த ஒரு விஷயத்தைப் படம் கைவிட்டது எனக்கு இன்னும் புரியவில்லை. வளர்ப்புத் தந்தையாக வரும் ஜெஃப்ரி ரஷ் மட்டும் நாவலிலிருந்து நேரே நடந்துவந்தவர் போல இருக்கிறார்.

‘இவான்’ இதற்கு நேர்மாறு. ஜூசாக்கின் நாவல் 500 பக்கத்துக்கு மேல். ‘இவான்’ படத்துக்கு மூலமாக விளாதிமிர் பொகமோலவ் 1957இல் எழுதியதோ ஒரு குறுநாவல். அதைச் சொல்பவன் கால்ட்சேவ் என்ற இளம் லெப்டினன்ட். சோவியத் படைக்கு உளவு பார்க்கும் 12 வயதுப் பையனை அவன் வெளியிலிருந்துதான் பார்க்கிறான். பையன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாது. தார்க்கோவ்ஸ்கி அந்தக் குரலை ஒதுக்கிவிட்டு, அது போகமுடியாத இடத்துக்குப் போனார்: இவானின் கனவுகளுக்குள்.

நள்ளிரவில் ஆற்றை நீந்திக் கடந்து, நடுங்கிக்கொண்டு வருகிறான் இவான். லெப்டினன்டையே அதட்டி, தலைமையகத்துக்குப் போன் போடச் சொல்கிறான். பையிலிருந்து கொட்டும் விதைகளையும் கொட்டைகளையும் மேசைமேல் பிரித்துவைத்து எண்ணுகிறான். எதிரிப்படையின் கணக்கு அது. குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிப்போகிறான். கட்டிலிலிருந்து தொங்கும் கையில் நீர் சொட்டுகிறது. கேமரா மேலே நிமிர்ந்தால் நாம் ஒரு கிணற்றின் அடியில் இருக்கிறோம். மேலே அம்மாவும் அவனும் குனிந்து, பகலிலும் கிணற்றுக்குள் தெரியும் என்று அம்மா சொல்லும் நட்சத்திரத்தைத் தேடுகிறார்கள். ஒரு வெடிச்சத்தம். கிணற்றுக்குப் பக்கத்தில் அம்மா கிடக்கிறாள், அவள்மேல் தண்ணீர் வந்து அடிக்கிறது. அவன் அநாதையான கதை அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

குறையும் உண்டு. ராணுவ மருத்துவ உதவியாளர் மாஷாவை வைத்து வரும் காதல் பகுதி, பிர்ச் காட்டுக் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறொரு படத்திலிருந்து வந்ததுபோல் தனியாக நிற்கிறது.

இரண்டில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் ‘இவான்’. 95 நிமிடம்தான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் ‘தி புக் தீஃப்’. அதில் பயத்துக்கு நடுவே கைபிடித்துக்கொள்ள ஒரு குடும்பம் இருக்கிறது. ஆனால் நாவலை முதலில் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மரணத்தின் நக்கலை இழப்பீர்கள். பொகமோலவை மட்டும் படத்துக்குப் பின் படியுங்கள். படம் இவானைக் கடற்கரையில் ஓடவிட்டு முடிகிறது. குறுநாவல் முடிவது ஒரு ஜெர்மன் அலுவலகக் காகிதத்தில்: பையனைப் பிடித்துக்கொடுத்தவனுக்கு 100 மார்க் வெகுமதி, ரசீது இணைப்பு.