ஆமைக்கான மிதவை மேடை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கண்ணாடித் தொட்டியில் ஆமை ஏறி வெயில் காய்வதற்கென்று விற்கப்படும் பிளாஸ்டிக் மிதவை மேடை ஒன்றை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நான் வளர்ப்பது ரெட் இயர்டு ஸ்லைடர் என்ற நன்னீர் ஆமை. இந்த மேடையின் நிறைகுறைகளை அந்தப் பெயரை வைத்தே அளந்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பெயரின் முற்பாதி காதைச் சொன்னாலும் ஆமைக்குப் புறச்செவி கிடையாது. கண்ணுக்குப் பின்னால், தோல் மூடிய செவிப்பறையை ஒட்டி ஓடும் சிவப்புப் பட்டையைப் பார்த்துத்தான் 'செங்காது' என்றார்கள். வயது முதிர்ந்த ஆண் ஆமைகள் சிலவற்றில் உடல் கருத்து அந்தப் பட்டையே மங்கிவிடுவதும் உண்டு. பிற்பாதியான 'ஸ்லைடர்' நடத்தையால் வந்தது. தாயகமான மிசிசிப்பி ஆற்றுப் படுகையில், நீரோரக் கட்டைகளின் மீது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும் இந்த ஆமைகள், ஆள் அரவம் கேட்டதும் சறுக்கி நீருக்குள் மறைந்துவிடும். அப்படிச் சறுக்குவதுதான் 'ஸ்லைடர்' என்ற பெயருக்குக் காரணம்.

ஆகவே இந்த ஆமைக்கான மேடை ஏறுவதற்கு மட்டுமன்றி, நொடியில் இறங்குவதற்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். ஏறுவதற்கான சாய்தளத்தைச் சொரசொரப்பாக அமைத்திருப்பது பாராட்டத்தக்கது. நகம் வழுக்காமல் முதல் நாளே ஏறிவிட்டது. விளக்கின் அடியில் கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை விறைப்பாகப் பரப்பிக்கொண்டு, ஓட்டின் ஈரம் முழுவதும் உலரும்வரை அசையாமல் கிடப்பதைப் பார்த்தபோது வாங்கியது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

ஆனால் மேடையின் மற்ற மூன்று பக்கங்களிலும் ஒரு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு வைத்திருக்கிறார்கள். அறைக்குள் நான் நுழைந்ததும் ஆமை வழக்கம்போல் அருகிலுள்ள ஓரத்துக்குப் பாய்ந்தது. அடிஓடு விளிம்பில் மாட்டிக்கொள்ள, முன்னங்கால்கள் வெறும் காற்றைத் துழாவின. மூன்று முறை இப்படி ஆன பிறகு, வெயில் காய ஏறுவதையே அது குறைத்துக்கொண்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஒரு பக்க விளிம்பை அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து மழுங்கச் செய்தேன். அடுத்த வாரமே பழையபடி ஏறத் தொடங்கியது. என் நிழல் பட்டால் அந்தப் பக்கமாகவே ஓசையின்றி வழுக்கி இறங்குகிறது.

பாசி படிகிறது, தூரிகையால் தேய்த்தால் போய்விடுகிறது. மேடையைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கும் சக்‌ஷன் கப்புகள்தான் பெரிய குறை. உள்ளங்கை அளவு ஆமையைத் தாங்கியவை, அது வளர வளரக் கண்ணாடியிலிருந்து கழன்று மேடையை ஒருபக்கம் சாய்க்கின்றன. இந்த இனத்தின் பெண் ஆமைகள் 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியவை என்பதால், எல்லா அளவு ஆமைகளுக்கும் உகந்தது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை ஏற்க முடியாது. குட்டி ஆமை வைத்திருப்பவர்கள் விளிம்பை அறுத்துவிட்டு இதைப் பயன்படுத்தலாம். வளர்ந்த ஆமைக்குத் தொட்டியின் அடியிலிருந்தே தாங்கி நிற்கும், ஓரம் மழுங்கிய நிலையான மேடையை வாங்குங்கள்.