சிவப்புடல் அழகியும் சிலோன் ரோஸும்: எதைப் பற்றிக் கவலைப்படுவது?

தோட்டத் தொழிலாளர் லயத்து வேலியோரம் நாயுண்ணிப் பூவில் கருஞ்சிறகும் செக்கச்சிவந்த உடலுமாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சிதான். அதன் நெருங்கிய உறவான சிலோன் ரோஸைப் பார்க்க வேண்டுமானால் ரக்வானை, தெனியாயப் பக்கத்துத் தோட்டங்களைத் தாண்டி, இலங்கையின் தென்மேற்கிலுள்ள சிங்கராஜக் காட்டுக்குள் இறங்க வேண்டும். இறங்கினாலும் கண்ணில் படும் என்ற உறுதி இல்லை.

முதலாவதன் பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள் மட்டும். முன்சிறகில் உடைந்த வெள்ளைப் பட்டைகள். சிலோன் ரோஸ் சற்றுப் பெரியது. பின்சிறகின் நடுவே வெள்ளைத் திட்டு, ஓரத்தில் செம்பிறைகள். ஆனால் வெள்ளையைக் கண்டதும் துள்ளிக் குதித்துவிடாதீர்கள். சாதாரண ரோஜா அழகி என்ற இன்னொரு உறவுக்கும் அந்தத் திட்டு உண்டு. கறிவேப்பிலை அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண்ணோ ரோஜா அழகிகளைப் போல வேஷம் கட்டுவதில் கைகாரி. உடல் மட்டும் கறுப்பு, அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

வேஷத்துக்குக் காரணம் நஞ்சு. சிவப்புடல் அழகி, சிலோன் ரோஸ் இரண்டின் புழுக்களும் ஈஸ்வரமூலிக் குடும்பத்துச் செடிகளைத் தின்று வளர்கின்றன. அந்த நஞ்சு உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் கிட்ட வருவதில்லை.

சாப்பாடு ஒரே குடும்பத்துச் செடி, பிழைப்பு மட்டும் வேறு. சிவப்புடல் அழகிக்கு இந்தியாவும் இலங்கையும் ஊர். வறண்ட கரையோரப் புதரிலும் வாழும், தோட்டத்திலும் வாழும். சிலோன் ரோஸ் உலகில் வேறெங்கும் இல்லை. நம் இலங்கையின் தென்மேற்கு ஈரவலய மழைக்காடுதான் அதற்கு எல்லாம். ஒட்டுப்பலகைக்காக 1970களில் சிங்கராஜத்தில் இயந்திரம் வைத்து மரம் வெட்டினார்கள். அது நிறுத்தப்பட்டு, 1988 இல் காடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. விளிம்புகளில் சிறுதோட்டத் தேயிலையின் நெருக்கடி ஓயவில்லை.

சட்டத்தில் ஒரு வேடிக்கை. எங்கும் பறக்கும் சிவப்புடல் அழகியை இந்தியா 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதலாம் அட்டவணையில் நெடுங்காலம் வைத்திருந்தது. இங்கே இலங்கையில் பாதுகாக்கப்பட்ட இனம் சிலோன் ரோஸ். அதுவே நியாயமாகப் படுகிறது. ஆனாலும் பிடிப்பதற்குத் தடை என்பது சேகரிப்பவனின் வலையைத்தான் தடுக்கும், கோடரியை அல்ல.

அதனால் என் கவலையில் பெரும்பங்கு சிலோன் ரோஸுக்குத்தான். ஓடைக்கரை ஈஸ்வரமூலிக் கொடிகளுக்குக் களைநாசினி அடிக்காமல் விட்டாலே சிவப்புடல் அழகி சமாளித்துக்கொள்ளும். அதைத் தோட்டத்துக்காரரே செய்யலாம். மற்றதற்குக் காட்டின் எல்லைக்கல் நகராமல் இருக்க வேண்டும். அதற்கு அரசாங்கம் வேண்டும்.