நிழல் துரத்துகிறவனா, நிழலே இல்லாதவனா

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பது பேர். ஐந்து பேர் திருகோணமலை: உப்புவெளியில் இரண்டு, டவுனுக்குள் இரண்டு, கிண்ணியாவில் ஒருவர். மிச்சம் நால்வரும் லண்டனிலும் ரொறன்ரோவிலும். ஞாயிறு இரவு ஏழரைக்குக் கூடுவோம். அந்த நேரத்தில் லண்டன்காரர் மத்தியானச் சாப்பாடு முடித்திருப்பார்கள், ரொறன்ரோக்காரர் காலைக் கோப்பியோடு வந்து உட்காருவார்கள். மெல்பேணில் இருந்து சேரக் கேட்ட மச்சாளுக்கு மட்டும் அது நடுச்சாமம். அவளுக்கு இடம் கொடுக்க முடியாமல் போனதைப் பற்றி இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன வருடம் ஃபன்டசி வாசிப்போம் என்று முடிவாகியது. யோசனை சொன்னது நான் என்பதால் புத்தகம் தேடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. முதல் தெரிவில் கோட்டை விட்டேன். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஒஃப் த்ரோன்ஸ்' எடுத்தோம். அப்போது பதினொரு பேர் இருந்தோம், கடைசிப் பக்கம் பார்த்தவர்கள் மூன்று பேர். புத்தகத்தில் பிழை இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பாத்திரத்தின் பெயர்தான் தலைப்பு. ஒரு கிழமை தவறினால் யார் எந்தக் கோட்டையில் நிற்கிறார் என்பதே பிடிபடாது. தவிர, 1996இல் தொடங்கிய அந்தத் தொடரின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. ஏழு என்று சொன்னதில் மிச்சம் இரண்டுக்கும் உலகமே காத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காத்திருப்பில் நாங்களும் போய்ச் சேர வேண்டுமா என்று யாரோ கேட்டதோடு அது முடிந்தது. இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

அடுத்த சுற்றுக்கு நான்கு பெயர்கள் வந்தன. உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஒஃப் ஏர்த்சீ', டோல்கினின் 'த ஹொபிட்', வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்', ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்'. நாங்கள் எடுத்தது ஏர்த்சீ. இப்போது வாசித்தும் முடித்துவிட்டோம் என்பதால் என் சாய்வை மறைக்கப் போவதில்லை.

விஷ்ணுபுரத்தை முதலில் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அதைத் தள்ளிவைத்ததில்தான் எனக்கு மனக்குறை. 1997இல் வந்த தமிழ் நாவல். ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதி. கனவு போல ஒரு கோயில் நகரம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எட்டிப் பார்த்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் இராவணன் தோண்டினதுதான் என்று கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு அப்படி ஒரு நகரத்துக்குள் நுழைவது கஷ்டமில்லை. ஆனால் லண்டனில் பிறந்த இரண்டு பேருக்கும் தமிழ் காதில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை. எழுத்துக்கூட்டி வாசித்தால் அவ்வளவு பெரிய நாவலை முடிக்க இரண்டு பொங்கல் கடந்துவிடும். நானே முதற்பகுதியைத் தாண்டவில்லை, ஆகவே அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் கதைப்பது என்று வழக்கமாகிவிட்ட குழுவுக்கு அது சரிவரவில்லை, அவ்வளவுதான்.

மிச்சம் மூன்றையும் பக்கம், விலை, விருது என்று அளந்து பார்த்தோம். அதிலெல்லாம் பெரிய சங்கதி இல்லை. ஏர்த்சீ 1968இல் வந்தது, பத்து அத்தியாயம், இருநூறு பக்கத்தைச் சுற்றி. ஹொபிட் 1937, பத்தொன்பது அத்தியாயம். சந்திரசேகரவின் நாவல் 2023இல் வந்து, அறிபுனைக்கும் ஃபன்டசிக்கும் கொடுக்கிற நெபியூலா விருது வாங்கியது, எழுதியவர் இலங்கைக்காரர். மூன்றும் போனில் மின்நூலாக வாசிக்கக் கிடைக்கிறது. தாள் புத்தகம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான் மட்டும். ஓடர் செய்து மூன்று கிழமை காத்திருந்து பொதியை உடைத்தால், உள்ளே இருந்தது ஏர்த்சீ வரிசையின் மூன்றாம் புத்தகம். கடைக்காரர் "அதே ஆள் எழுதினதுதானே" என்றார். கடைசியில் நானும் போனில்தான் வாசித்தேன்.

எங்களுக்குத் தீர்மானமாக இருந்தது வேறொன்று. கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் திறக்கிற வரைக்கும் பாதையில்தான் போய் வந்தோம். பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற மிதவை. ஒரு பாதையைத் தவறவிட்டால் துறையில் நின்று வெயில் காயலாம், ஆனால் அடுத்தது வரும், ஏறிக்கொள்ளலாம் என்பது நிச்சயம். வட்டத்துக்கு நாவல் தெரிகிறபோது நான் கேட்கிற முதல் கேள்வி இப்போது அதுதான்: இரண்டு கிழமை தவறவிட்டவருக்கு அடுத்த பாதை உண்டா?

ஏனென்றால் தவறவிடாத ஆள் எங்களில் ஒருவரும் இல்லை. ஒருத்தி ஆஸ்பத்திரியில் தாதி, இரவு டியூட்டி மாறி மாறி வரும். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயில் திருவிழா தொடங்கினால் பத்து நாள் ஆள் கிடைக்காது. இரண்டு பேருக்குச் சின்னப் பிள்ளைகள். எனக்கு வருடக் கணக்கு முடிக்கிற மாதம் வந்தால் கண்ணுக்குத் தெரிவது எக்செல் மட்டும். முதல் தடவை எங்களைக் கவிழ்த்தது இதுதான். பின்தங்கினவர் முதலில் வெட்கப்பட்டு மௌனமாக இருப்பார், அப்புறம் கமராவை மூடுவார், அப்புறம் "இந்தக் கிழமை சரிவராது" என்று ஒரு செய்தி வரும். மூன்றாம் கிழமை அந்தச் செய்தியும் வராது.

ஏர்த்சீ இந்தச் சோதனையில் அநாயாசமாகத் தேறியது. கதை நடக்கிற உலகமே தீவுக் கூட்டம். அனேகமான அத்தியாயங்களில் மந்திரம் படிக்கிற கெட் என்கிற பொடியன் ஒரு தீவில் கரையேறுவான், ஏதோ ஒன்று நடக்கும், அங்கிருந்து போவான். தன் ஆணவத்தால் அவிழ்த்துவிட்ட ஒரு நிழல் அவனைத் துரத்துகிறது என்ற ஒரு கயிறு மட்டும் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறது. அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தால் போதும்.

எங்கள் தாதித் தங்கச்சி ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களைத் தவறவிட்டாள். ஞாயிறு பின்னேரம் வட்ஸ்அப்பில் கேட்டாள், "அக்கா, இண்டைக்கு நான் வராமல் விடவா? ரெண்டு பாடம் விட்டுப் போச்சு." நான் குரல்பதிவு ஒன்று அனுப்பினேன்: "கெட் படிப்பை முடிச்சுக்கொண்டு ஒரு சின்னத் தீவுக்குப் போனான். அங்க தோணி கட்டுற சிநேகிதன்ர பிள்ளை சாகக் கிடக்க, சாவின்ர ஊருக்குள்ள தேடிப் போய், பிள்ளையையும் மீட்கேல்ல, தன்னையும் நிழலுக்குக் காட்டிக் குடுத்திட்டான். அப்புறம் ஒரு ட்ராகனோட பேரம் பேசி ஊரைக் காப்பாத்திப்போட்டு ஓடினவன், இப்ப வடக்கே ஒரு கோட்டை வாசல்ல விழுந்து கிடக்கிறான்." நாற்பது செக்கனும் வராது. அவள் அதை பஸ்ஸில் கேட்டுவிட்டு, ஏழாம் அத்தியாயத்தை அரைகுறையாகத் தட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அதிகம் கதைத்தது அவள்தான். சாகிற உயிரைப் போகவிடு என்று கெட்டுக்குப் படிப்பித்திருந்தார்கள், அவன் கேட்கவில்லை. வார்டில் அந்தக் கோடு எங்கே வருகிறது, அதைத் தாண்டிப் போக ஆசைப்படுகிற டொக்டரைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல, ரொறன்ரோக்காரர் கோப்பியை மறந்துவிட்டார். அவள் தவறவிட்ட அத்தியாயத்தைப் பற்றித்தான் அத்தனையும் கதைத்தாள்.

ஹொபிட்டுக்கும் அடுத்த பாதை உண்டு, அதை ஒளிக்க மாட்டேன். அதுவும் ஊர் ஊராகப் போகிற கதை. தெரிவுக்கு முன் ஒவ்வொரு நாவலிலும் ஓர் அத்தியாயம் பரீட்சித்துப் பார்த்தோம். சிரிப்பில் வென்றது அதுதான். ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகன் பில்போவும் கொல்லம் என்கிற குகைப் பிராணியும் இருட்டுக்குள் நொடி, அதாவது விடுகதை, போடுவார்கள். ஆங்கில எதுகை காதில் ஏறாததால், அதே விடை வருகிற தமிழ் நொடியைத் தேடத் தொடங்கினோம். முட்டைக்கு ஆசிரியர் சேர் உடனே சொன்னார், "ஒரு குப்பிக்குள்ளே இரண்டு தைலம்." அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் நாவலை ஒருவரும் தொடவில்லை. பிள்ளைகளோடு வாசிக்கிற வட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹொபிட்டைச் சொல்வேன். எங்களுக்கு அதில் இடித்தது இரண்டு. பதின்மூன்று குள்ளர்களின் பெயர்களும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி ஒலிக்கின்றன, திரும்பி வருகிறவர் அங்கேயே தடுக்கி விழுகிறார். மற்றது, கிழமைக்கு இரண்டு அத்தியாயம் என்றாலும் பத்துக் கிழமை. ஏர்த்சீயை அதே வேகத்தில் ஐந்தில் முடித்தோம்.

இனி கஷ்டமானது. 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' கதாநாயகன் ஃபெட்டர் பிறந்த உடனே தாய் அவனுடைய நிழலைப் பித்தளை ஆணியால் தரையோடு அறைந்து பிய்த்து எடுத்துவிடுகிறாள். தகப்பனைக் கொல்வதற்காக அவனை வளர்க்கிறாள். ஏர்த்சீயில் நிழல் துரத்துகிறது, இங்கே நிழலே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் நல்லாயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மூடிவைத்த கதவுகள் ஒருநாள் திறக்கவே முடியாத பிரகாசக் கதவுகளாக மாறுகிற லூரியட் என்ற நகரம், ஆளை வகை பிரித்து வைக்கிற அலுவலகங்கள், முகாம்கள், கலவரங்கள். இதெல்லாம் எங்களுக்கு ஃபன்டசியா என்று உப்புவெளிக்காரர் ஒருவர் கேட்டார். அவர் முகாமில் மூன்று வருடம் இருந்தவர். அந்தத் தகப்பனின் பின்னால் புத்தர் கதையின் சாயலும் தெரிகிறது. கதைக்க வேண்டியது இந்த நாவலில்தான் அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதற்கு அடுத்த பாதை கிடையாது. பரீட்சார்த்தமாக முதல் இரண்டு அத்தியாயம் வாசித்தபோதே தெரிந்தது. கதை அடிக்கடி தரையை மாற்றுகிறது, நேற்றுவரை ஒரு மாதிரித் தெரிந்த நகரம் இன்றைக்கு வேறு மாதிரித் தெரியும். அதை நாற்பது செக்கன் குரல்பதிவில் சொல்ல முடியாது, சொன்னால் புத்தகத்தின் ருசியே போய்விடும். நான் ஒரே தடவைதான் வாசித்தேன், பின்பாதியை அவசரமாக. இரண்டாம் தடவை வாசித்தால் இந்தக் கருத்து மாறலாம். ஒரு கிழமையும் தவறாமல் வரக்கூடிய நாலு பேர் இருந்தால் அவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும். ஒன்பது பேரை இழுத்துக்கொண்டு போகிற என்னால் முடியவில்லை.

ஏர்த்சீயிலும் குறை இல்லாமல் இல்லை. பகிடி என்பது மருந்துக்கும் கிடையாது. லண்டன் பொடியன் முதல் அத்தியாயத்திலேயே "எப்ப தொடங்கும்?" என்று கேட்டான். பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று பழமொழி வேறு வருகிறது. அதைக் கேட்ட எங்கள் பெண்கள் சும்மா இருக்கவில்லை. லெ குவினே பிறகு 1990இல் 'டெஹானு' எழுதியபோது அந்த உலகத்தைப் பெண்கள் பக்கமிருந்து திருப்பிப் பார்த்தார் என்று சொல்லித்தான் சமாளித்தேன். இன்னொரு பக்கம், கெட் செம்மண் நிறத்தவன், அவன் சிநேகிதன் வெச் நல்ல கறுப்பு, கொள்ளையடிக்க வருகிறவர்கள்தான் வெள்ளையர். இதை அதே லண்டன் பொடியன்தான் கண்டுபிடித்தான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளைக்காரனாக்கியதும் லெ குவின் கோபப்பட்டு எழுதியதும் தெரிந்த பிறகு அவனுக்குப் புத்தகத்தில் தனிப் பிடிப்பு வந்துவிட்டது.

கடல் விஷயத்தை விடவே முடியாது. மந்திரம் தெரிந்தவன் பாயில் காற்றை நிரப்பிக்கொண்டு போகலாம் என்பதைக் கேட்டு கிண்ணியாக்காரர் சிரித்தார். அவருடைய தகப்பன் கடல் தொழில் செய்தவர். ஆனால் ஆசிரியர் ஒருவர் கெட்டுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம், ரோக் தீவில் மழையைக் கூப்பிட்டால் அது ஒஸ்கில் தீவில் வரட்சியாகலாம் என்பது, வந்தபோது அவர் சிரிக்கவில்லை. "வாப்பாவும் உப்பிடித்தான் சொல்லுவார்," என்றார். "சோளகக் காத்து இஞ்ச நிண்டால் அங்க யாருக்கோ இல்லை எண்டு." அதற்குப் பிறகு கெட்டின் குரு ஓகியன் மழையை விலக்கத் தெரிந்தும் விலக்காமல் நனைந்துகொண்டு படுக்கிற இடத்தைத் திரும்ப எடுத்து வாசித்தோம். இரண்டாம் அத்தியாயத்தில் ஒருவரும் அதைக் கவனிக்காமல் தாண்டியிருந்தோம்.

அடுத்தது வரிசையின் இரண்டாம் புத்தகம், 'த டோம்ப்ஸ் ஒஃப் ஆட்டுவான்'. வாக்கெடுப்பில் ஒன்பதுக்கு ஏழு. இதில் எனக்குள் ஒரு பயம் இருக்கிறது: இந்தப் புத்தகத்தில் கடைசிப் பகுதி வரைக்கும் கடலும் இல்லை, தீவு தீவாகப் போவதும் இல்லை. பாலைவனத்தில் ஒரே இடம், நிலத்துக்கு அடியில் இருட்டு. தவறவிட்டவர் எந்தத் துறையில் வந்து ஏறுவார் என்று எனக்கே பிடிபடவில்லை. போதாக்குறைக்கு, ஐந்தாம் அத்தியாயம் வரை கெட் தலைகாட்டவே மாட்டான். அதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.