இதய அறுவைக்குப் பின் மார்பு வடிகுழாய்: தண்ணீர்ப் பெட்டியா, டிஜிட்டலா?

இதய அறுவைக்குப் பின் மார்புக்குள் சேரும் ரத்தத்தையும் காற்றையும் வெளியேற்ற வடிகுழாய் போடுவோம். அதன் மறுமுனையில் மாட்ட எங்கள் இதய அறுவை ஐ.சி.யூ.வில் பழைய அண்டர்வாட்டர் சீல் பெட்டியும் (காற்று திரும்ப உள்ளே போகாமல் தண்ணீரே தடுக்கும் பெட்டி) உண்டு, பம்ப் வைத்த டிஜிட்டல் டிரெயினேஜும் உண்டு. எதை வாங்கலாம் என்று கேட்டபோது நான் டிஜிட்டல் பக்கம்தான் கைதூக்கினேன்.

தண்ணீர்ப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. மலிவு, சார்ஜ் போட வேண்டாம், எல்லா நர்ஸுக்கும் பழக்கம். தண்ணீரில் குமிழி வந்தால், பெரும்பாலும் நுரையீரலிலிருந்து, காற்றுக் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். டிஜிட்டல் அந்தக் கசிவை நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று எண்ணாகவே காட்டும். ஆனால் அதன் அருமை நுரையீரல் அறுவையில்தான். பைபாஸ் நோயாளிகள் பலருக்குக் கசிவே இருக்காது.

எனக்கு முடிவைத் தந்தது நோயாளியின் நடை. தண்ணீர்ப் பெட்டியை, உறிஞ்சி இழுக்கும் சுவர் சக்‌ஷனில், வழக்கமாக மைனஸ் 20 செ.மீ. நீர் அழுத்தத்தில் மாட்டியிருப்போம். நோயாளியை எழுப்ப வேண்டுமென்றால் அதைக் கழற்றணும், பெட்டி மார்புக்குக் கீழேயே, சாயாமல் வரணும், அதைப் பிடிக்கவே ஓர் ஆள் வேண்டும். ஆள் குறைந்த ஷிஃப்டில் "சாயங்காலம் பார்க்கலாம்" என்று நடை தள்ளிப்போகும். படுக்கையிலும் சிக்கல்தான். குழாய் கட்டில் ஓரமாக வளைந்து தொங்கி, அந்த வளைவில் ரத்தம் தேங்கிவிட்டால், சுவர் மீட்டர் 20 காட்டினாலும் மார்புக்குள் அவ்வளவு போய்ச் சேராது. டிஜிட்டலில் பம்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நோயாளி பக்கத்து அழுத்தத்தை அளந்து தானே சரிசெய்துகொள்ளும். தோளில் மாட்டிவிட்டால் நடக்கும்போதும் சக்‌ஷன் நிற்காது. முதல்முறை எழுந்து நின்றதும் உள்ளே தேங்கியிருந்த கறுத்த ரத்தம் சட்டென்று கொட்டுவது சகஜம், பார்ப்பவர்களுக்குத்தான் பகீரென்றிருக்கும். அப்புறம் அது அடங்கியதா, தொடர்கிறதா என்பது, திரவத்தையும் அளக்கும் மாடலாக இருந்தால், திரையின் வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, இதனால் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்களா? அப்படி அடித்துச் சொல்ல என் அனுபவம் போதாது. சீக்கிரம் நடக்கிறார்கள், அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது.

ஒரு விஷயத்தில் இரண்டுமே கைவிரிக்கும்: மார்புக்குள் இருக்கும் குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. வடிவது திடீரென நின்றால் சந்தோஷப்பட வேண்டாம். ரத்தம் உள்ளே சேர்ந்து இதயத்தை அழுத்தலாம். குழாயை நசுக்கி உருவிவிடும் பழைய வழக்கம் உள்ளே கடுமையான உறிஞ்சழுத்தத்தை உண்டாக்கும் என்பதால், 2019இல் வந்த இதய அறுவை மீட்பு வழிகாட்டுதல்களே அதை வேண்டாம் என்றுவிட்டன. குழாய்க்குள் கம்பி ஓடி அடைப்பை எடுக்கும் வகை தனியாக வந்திருக்கிறது. அதை நான் அதிகம் கையாண்டதில்லை.

அதிகமாக ரத்தம் வடியும் நோயாளிக்கு முதல் ராத்திரி இன்றும் தண்ணீர்ப் பெட்டிதான் எடுப்பேன். டிஜிட்டலின் சிறிய கேனிஸ்டர் (வடிவதைச் சேர்க்கும் டப்பா) சீக்கிரம் நிறைந்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வடிவது குறைந்து, ஆளை உட்கார வைக்கும் நேரம் வந்ததும் டிஜிட்டலுக்கு மாற்றிவிடுவேன்.