வீட்டுக்கே வர்ற சுகர் மாத்திரை: கடலுக்குப் போற வீட்டு அனுபவம்

ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "மாப்ள, அம்மாவுக்கு சுகர்னுட்டாங்க, மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டுக்கே வருதாமே, எப்டிடா இருக்கு"ன்னு. அம்மாவுக்குன்னா யோசிக்காம பேர குடுத்துருன்னு சொல்லிட்டேன். இதே கடலுக்குப் போற ஆளுக்குன்னு கேட்டிருந்தா ஒரு வார்த்தைல முடியாது, அதான் இங்க எழுதுறேன்.

நல்லத மொதல்ல சொல்லிர்றேன். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், எங்க ராமநாதபுரம் பக்கம் வந்த கொஞ்ச நாள்லயே அப்பா பேரு சேந்துருச்சு. வர்ற அக்கா இதே ஊர்க்காரவுக, பிரஷர் பாத்து, விரல்ல குத்தி சுகர் பாத்து, மாத்திரைய கைல குடுத்து, எப்ப போடணும்னு சொல்லிட்டுத்தான் போவாக. பைசா கிடையாது. முன்னாடியெல்லாம் மாத்திரைக்குன்னே பஸ் ஏறி, லைன்ல நின்னு, அன்னிக்கு தொழிலும் போயிரும். அதுக்கே கும்புடு போடணும்.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வருவோம். மெட்பார்மின், சுகருக்கு குடுக்குற மாத்திரை. சுகர் இருக்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும், சில பேருக்கு அது வயித்த கலக்கும். வீட்ல இருந்தா பிரச்சனை இல்ல. அப்பா போற விசைப்படகுல கக்கூஸே கிடையாது, காலைல கடலுக்குப் போக அனுமதி டோக்கன் போட்டு போனா மறுநாள் விடியத்தான் கரை, கூட நாலஞ்சு ஆளு, அதனால மனுசன் என்ன பண்றாருன்னா கடலுக்குப் போற நாள்ல மாத்திரையே போடுறதில்ல. இங்க விசைப்படகுக்கு திங்கள், புதன், சனின்னு வாரத்துல மூணு நாள் கடலுக்குப் போற முறை. கணக்கு போட்டு பாருங்க, பாதி மாத்திரை டப்பாலயே கெடக்கு.

இதுல கூத்து என்னன்னா அந்த அக்கா வர்றப்ப சுகர் நல்லாத்தான் இருக்கும். அவுக வர்ற நாளு தெரிஞ்சு ரெண்டு நாள் முன்னாடியிருந்தே ஒழுங்கா போட்டுக்குவாரு, கள்ளன். விரல்ல குத்துறது அந்த நேரத்து சுகர மட்டும்தானே காட்டும். போன வாரம் கால்ல புண்ணு ஆறலன்னு வெளிய லேப்ல மூணு மாச சராசரி எடுத்தோம், ஹெச்பிஏ1சி, ஒன்பதத் தாண்டிருச்சு. கேட்டா "கடல்ல வயித்தால போனா நீ வந்து தொடைப்பியா"ங்குறாரு. என்ன பதில் சொல்ல?

பிரஷர் கதை இன்னொன்னு. கரை வந்து, மீன இறக்கி, ஏலம் முடிச்சு, ராத்திரி பூரா கண்ணு முழிச்ச மனுசன் அப்பத்தான் வந்து படுப்பாரு, அந்த நேரம் பாத்து எழுப்பி பட்டைய கட்டுனா எறங்கியா இருக்கும்? அக்காட்ட சாயங்காலம் வாங்கன்னு சொன்னேன், "தம்பி, எனக்கு காலைல முடிச்சு கணக்கு குடுக்கணும்"னாக. அவுகள கோச்சுக்கிட்டு பிரயோஜனம் இல்ல, அவுக வாங்குற சம்பளத்துக்கு இதுவே பெரிசு. ஆனா முறை நாள் என்னன்னு ஊர்ல சின்னப்பிள்ளைக்குக் கூட தெரியும், ரூட் போடுறவங்களுக்கு மட்டும் தெரியாதா? படகு கட்டுற எடத்துக்கு பக்கத்துல சாயங்காலம் ஒரு மேசை போட்டா முடிஞ்சுது.

மெதுவா கரையுற எஸ்ஆர் மாத்திரைன்னு ஒண்ணு இருக்கு, வயித்த அவ்வளவா படுத்தாதுன்னு லேப் பக்கத்து மெடிக்கல்ல சொன்னாக. டாக்டர்ட்ட கேட்டு மாத்தணும், அதுக்கு ஓபிக்கு அவரையே கூட்டிட்டு போகணும், ஓபி காலைல, அவரு காலைல தூங்குறாரு. மறுபடி அதே எடம்.

மார்க் கேட்டா அம்மா மாதிரி ஆளுக்கு பத்துக்கு ஒன்பது. அப்பாவுக்கு இன்னைக்கு இருக்க கடுப்புல மூணு. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் ஆளு வீட்லயேதான், அப்ப நோட்டுல எல்லாம் நார்மல்னு வரும், அதப் பாத்துட்டு டோஸ கொறைக்காம இருந்தா சரி.