ரிட்டர்ன் பம்ப்: ஐந்தரை வருடப் பழக்கம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, உங்களிடம் இருக்கும் அந்த 24 வோல்ட் ரிட்டர்ன் பம்ப் எப்படி? விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கட்டுமா?" உடனே வாய்க்கு வந்த பதிலை எழுத முடியாது. ஆறியபின் எழுதுகிறேன். (ரிட்டர்ன் பம்ப் என்றால், தொட்டிக்குக் கீழே வடிகட்டும் பெட்டிக்கு இறங்கும் நீரை மறுபடி மேலே தொட்டிக்கு அனுப்பும் பம்ப்.)

2019 கடைசியில் வாங்கினேன். வெள்ளவத்தைத் தொடர்மாடியில், 300 லீற்றர் தொட்டிக்கு. சத்தம் இல்லை, மின்சாரம் குறைவு என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. எழுதாத ஒன்றை 2022 தெரிவித்தது. அந்த மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஜெனரேற்றர் வைத்திருந்தவர்கள் பெற்றோல் வரிசையில் நின்றார்கள். நான் இரண்டு 12 வோல்ட் பற்றரிகளைத் தொடராக இணைத்து, பம்பை ஆகக் குறைந்த வேகத்தில் விட்டேன். மின்சாரம் வரும்வரை ஓடியது. "பிள்ளைகளுக்கு மின்விசிறி இல்லை, மீனுக்குப் பற்றரி" என்று மனைவி சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் தொட்டியில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இந்தப் பம்புக்குத் தேங்காய் உடைக்கச் சொல்லியிருப்பேன்.

2024 ஒக்டோபரில் சாவு தொடங்கியது. காலையில் பாறையடியில், மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் துப்புரவு இறால் ஒன்று வெளிறிக் கிடந்தது. கூடு கழற்றியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கழற்றிய கூடு உள்ளே ஒன்றுமில்லாமல், கண்ணாடித்தாள் போல மிதந்து வரும். இது இடுக்கியில் கனத்தது. மறுநாள் அதன் சோடியும் போனது. அந்த வாரத்துக்குள் டர்போ நத்தைகள் நான்கும் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. மீன்களோ வழக்கம்போல உணவுக்கு முண்டியடித்தன.

அந்த வாரம்தான் எங்கள் ஒழுங்கையில் டெங்குக்காகப் புகை விசிறினார்கள். நுளம்பைக் கொல்வது இறாலை விடுமா? குற்றவாளி அகப்பட்டான் என்று நிம்மதியாக இருந்தேன். ஜனவரியில் வாங்கிவிட்ட புதிய சோடியும் பத்தே நாளில் செத்தது. அப்போது புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த சந்தேகம், தொட்டி நீருக்காகக் கரைக்கும் கடை உப்பின் மேல். "கடலுக்கு முன்னால் குடியிருந்துகொண்டு உப்பை விலைக்கு வாங்குகிறவன்" என்று கீழ்மாடி ஐயா என்னை எப்போதும் கேலி செய்வார். வெள்ளவத்தைக் கால்வாய் விழுகிற இடத்தில் எந்த நீரை அள்ளுவது? 2021இல் இரசாயனங்கள் ஏற்றிவந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக் கடலில் எரிந்த பிறகு அந்த ஆசையே விட்டுப்போனது. உப்பை மாற்றினேன். அமோனியா பூச்சியம், நைத்திரைற்று பூச்சியம், உப்படர்த்தி 1.025, எல்லாம் இருக்க வேண்டியபடியே. செம்புச் சோதனைத் திரவமும் நிறம் மாறவில்லை.

உண்மையைச் சொன்னது, உலோகத்தை உறிஞ்சினால் நிறம் மாறும் வெள்ளை வடிதிண்டு. இரண்டு வாரத்தில் அதன் ஓரம் நீலம் பாரித்தது. நீலம் என்றால் செம்பு. மீன் நோய்க்கு மருந்தாகவே செம்பு போடுவார்கள். இறாலும் நத்தையும் அந்த அளவில் பிழைப்பதில்லை. (இவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான் என்று பிறகு படித்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.) ஹீற்றர், கவ்விகள், திருகுகள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். பம்பைக் கடைசியாகத்தான் பார்த்தேன். 2022இல் காப்பாற்றியவனை எப்படிச் சந்தேகிப்பது?

பம்புக்குள் சுற்றி நீரைத் தள்ளும் சுழலியின் காந்தத்தை மூடியிருக்கும் கறுப்பு உறையில் மயிரளவு வெடிப்பு. நகத்தால் அழுத்தினேன், பழுப்பு நிறச் சேறு பிதுங்கியது. உள்ளே வெள்ளிப் பூச்சு போலத் தெரிந்தது செதில் செதிலாக உரிந்து வந்தது. நியோடிமியக் காந்தத்துக்கு நிக்கல், செம்பு, மறுபடி நிக்கல் என்று முலாம் பூசுவது வழக்கம். உப்புநீர் உள்ளே போனால் அவ்வளவும் தொட்டிக்குத்தான் வரும்.

இதைவிட என்னை எரிப்பது வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பம்பை வினாகிரியில் ஊறவைக்கச் சொல்கிறது கையேடு. நான் ஒழுங்கான ஆள், ஊறவைத்த தேதிகளைச் சமையலறை நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். இறால்கள் செத்த தேதிகளை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும், ஊறவைத்து ஒரு வாரம் ஆகவில்லை. வெடிப்புக்குள் புளிப்பை ஊற்றியது நானேதான் என்பது என் கணிப்பு. உறையில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள் என்று கையேட்டில் ஒரு வரி, ஒரே ஒரு வரி இல்லை.

கடைக்காரர் சுழலியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கடல்நீர்தானே சேர், துருப்பிடிக்கும்" என்றார். கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்ற பம்ப்! உத்தரவாதம் இரண்டு வருடத்தோடு முடிந்துவிட்டது. புதுச் சுழலிக்குப் பம்பின் விலையில் பாதி கேட்டார். கொடுத்தேன். மாட்டி மூன்று வாரம் ஆகிறது. முன்புபோலவே சத்தமே இல்லை.

ஆகவே தம்பி, ஓட்டத்துக்கும் அமைதிக்கும் பற்றரிக்கும் இதை விஞ்ச நான் வேறொன்று பார்த்ததில்லை. இன்றைக்கு என்னைக் கேட்டால் வாங்க வேண்டாம். அடுத்த மின்வெட்டு இரவில் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ. நீரைப் பாதி பாதியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். வடிதிண்டு வெள்ளையாகவே நிற்கும்வரை புதிய இறால் விடுவதாக இல்லை. சர்ஜன் மீன் மட்டும் மாலையானால் அந்தப் பழைய பாறைக்கு முன்னால் போய், துப்புரவு செய்யச் சொல்லி உடம்பைச் சரித்துக்கொண்டு நிற்கிறது.