லேபிளில் சுண்டெலி, குப்பிக்குள் முயல்: ஆன்டிபாடி வாங்கப்போகிறவர்களுக்கு

ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிக்கு (ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் எதிர்ப்புரதம்) ஆர்டர் போடப்போகிறவர்கள், குறிப்பாகக் கருவளர்ச்சிப் புரதங்களில் வேலை செய்யும் பிஎச்.டி. மாணவர்கள், பில் பாஸ் ஆகும் முன்பு இதைப் படித்துவிடுங்கள். டீலர் பெயரையும் தயாரிப்பாளர் பெயரையும் நான் எழுதவில்லை. புகார் இன்னும் எங்கள் பர்ச்சேஸ் கமிட்டியிடம் இருக்கிறது. அதோடு, பெயரைச் சொன்னால் அந்த ஒருவரை மட்டும் விலக்கிவிட்டு இதே சரக்கை வேறு லேபிளில் வாங்குவீர்கள். அடையாளங்களைச் சொல்கிறேன், அதுதான் பயன்படும்.

எங்கள் லேபில் கோழிக் கரு. ஹேச்சரியிலிருந்து கருவுள்ள முட்டை வாங்கி, 38 டிகிரியில் அடைவைத்து, மூன்றாம் நாள் கருவை எடுத்து, உறையவைத்து மெல்லிசாகச் சீவும் கிரையோஸ்டாட்டில் வெட்டுப் போடுகிறோம். (கடையில் விற்கிற நாமக்கல் முட்டையில் செய்யக் கூடாதா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது.) பிற்பாடு தண்டுவடமாகப்போகிற நரம்புக் குழாயில் பாக்ஸ்6, பாக்ஸ்7 என்ற இரண்டு புரதங்களும் எந்த உயரத்தில் தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை ஒரே வெட்டில் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் பல ஆண்டுகளாக எல்லோரும் பயன்படுத்தும் நல்ல மோனோகுளோனல்கள் (ஒரே செல்வழியில் எடுத்த, எப்போதும் ஒரே மாதிரியான ஆன்டிபாடிகள்) உண்டு. சிக்கல் என்னவென்றால் இரண்டுமே சுண்டெலியில் எடுத்தவை, இரண்டுமே ஐஜிஜி1 என்ற ஒரே உள்வகை (ஐசோடைப்). வழக்கம்போல, சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் செகண்டரியை (முதல் ஆன்டிபாடியின் மேல் ஒட்டும், சாயமேறிய இரண்டாவது ஆன்டிபாடி) ஊற்றினால் அது இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். ஆகவே பாக்ஸ்7 ஆன்டிபாடியின் மேலேயே நேரடியாகச் சாயம் ஏறியிருக்க வேண்டும். இந்தத் தேவை உள்ளவர்கள்தான் இந்த வலையில் விழுகிறார்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கினோம். குறைந்த விலை சொன்ன டீலரின் ஆள் நேரில் வந்தார். “மேடம், மவுஸ் மோனோகுளோனல், 488 சாயம், சிக்கன்ல வேலை செய்யும், எல்லா இன்ஸ்டிட்யூட்லயும் இதுதான் போகுது” என்றார். 488 என்பது பச்சையாக ஒளிரும் சாயம். எந்த குளோன், அதாவது எந்தச் செல்வழியில் வந்த ஆன்டிபாடி, என்று கேட்டேன். “அது ப்ரொப்ரைட்டரி மேடம், கம்பெனி வெளிய சொல்றதில்ல.” எழுத்தில் உத்தரவாதம் கேட்டதற்கு டேட்டாஷீட்டை அனுப்பினார்கள். விதிப்படி குறைந்த விலைக்குத்தான் ஆர்டர் போக வேண்டும், போனது. 100 மைக்ரோகிராம், ஐம்பதாயிரத்துக்கு மேல்.

அந்த டேட்டாஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்ஸ்7 மரபணுக்களை இயக்கும் புரதம். அது இருக்க வேண்டிய இடம் செல்லின் உட்கரு. டேட்டாஷீட்டில் இருந்த ஒரே நுண்ணோக்கிப் படத்தில் உட்கரு இருட்டாகவும் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் முழுக்கப் பச்சையாகவும் இருந்தது. விற்பவரே தன் சரக்கு வேலை செய்யவில்லை என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார்! அந்தப் படத்தைக் காட்டி எங்கள் கைடு ஆட்சேபம் எழுதியதற்கு, “டெக்னிக்கல் ஸ்பெசிஃபிகேஷன் பொருந்துகிறது” என்று பர்ச்சேஸ் பிரிவிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது.

பார்சல் வந்தபோது ஐஸ் ஜெல் உருகியிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வகைச் சின்னச் சாயம் ஏறிய ஆன்டிபாடி ஓரிரு நாள் வெப்பத்தில் செத்துவிடாது. (ஃபைகோஎரித்ரின் போன்ற பெரிய புரதச் சாயங்கள் வேறு கதை. அவற்றை உறைய வைத்தாலே போச்சு.) வந்த அன்றே ஸ்டோர்ஸில் ஸ்டாக் என்ட்ரி போட்டு, பில்லும் நகர்ந்துவிட்டது. நாங்கள் குப்பியைத் திறப்பதற்குள் பணம் கைமாறும் ஏற்பாடு இது. இந்த வியாபாரம் நிற்பதே இதன் மேல்தான்.

முதல் வெட்டைப் பார்த்துவிட்டு ஜூனியர் பெண் என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, நோட்டோகார்டு கூட எரியுதே.” பாக்ஸ்7 நரம்புக் குழாயின் முதுகுப்புறப் பாதியிலும், பக்கத்தில் தோலும் தசையும் ஆகப்போகும் டெர்மோமையோடோமிலும் தெரிய வேண்டும். குழாயின் வயிற்றுப்புறத்தில் இருக்கவே கூடாது. குழாயின் அடியில் ஓடும் தண்டான நோட்டோகார்டில் அறவே கூடாது. இங்கே எல்லாம் பச்சை. வெட்டின் ஓரங்கள், நோட்டோகார்டு, மஞ்சள் கரு ஒட்டியிருந்த இடம், எல்லாம். கோழிக் கருவில் ரத்தச் செல்களும் மஞ்சள் கருவும் இயல்பாகவே பச்சையில் கொஞ்சம் ஒளிரும், அது தெரிந்த விஷயம். அதற்காக எதுவும் ஊற்றாத வெட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தோம். அதில் ரத்தச் செல்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன, மற்றது இருட்டு. எங்கள் பழைய, சாயமில்லாத பாக்ஸ்7 ஆன்டிபாடியும் செகண்டரியும் போட்ட மூன்றாவது வெட்டில் முதுகுப்புற உட்கருக்கள் புள்ளி புள்ளியாக, பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல வந்திருந்தன. அதே கரு, அதே ஃபிக்ஸிங் (ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தல்), அதே நாள்.

டீலருக்குப் படங்களை அனுப்பினோம். பதில்கள் வந்த வரிசை: டைல்யூஷனை மாற்றுங்கள். பிளாக்கிங் நேரத்தைக் கூட்டுங்கள். ஃபார்மால்டிஹைடு கூடிப்போயிருக்கும். உங்கள் ஃப்ரிட்ஜில் கரண்ட் போயிருக்கும். கடைசியாக, திறந்த குப்பியைத் திருப்பி எடுப்பதில்லை. “அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்” என்று ஒருவர் போனில் வந்தார். நோட்டோகார்டு எரிவதற்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு, “அதுவும் டெவலப்மென்டல் டிஷ்யூதானே மேடம்” என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டு ஜெல் ஓட்டினோம்.

இந்தச் சோதனை எந்த லேபிலும் ஒரு பிற்பகலில் முடியும், விவரமாகவே சொல்கிறேன். சாயமேற்றிய ஆன்டிபாடியில் கொஞ்சம் எடுத்து, சாம்பிள் பஃபரில் கொதிக்க வைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் சாதாரண எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். எல்லாப் புரதத்தையும் நீலமாகக் காட்டும் கூமாஸி போடும் முன்பு, ஜெல்லை அப்படியே நீல ஒளியில் இமேஜரில் பாருங்கள். ஆன்டிபாடியின் மேல் சாயம் ஏறியிருந்தால் 50 கிலோடால்ட்டனில் கனச் சங்கிலியும் 25இல் மென் சங்கிலியும் ஒளிர வேண்டும். எங்கள் ஜெல்லில் 50இல் மங்கலான கோடு. பளிச்சென்று எரிந்தது 66இல். அது மாட்டு ஆல்புமின், பிஎஸ்ஏ. ஜெல்லின் அடியில், எந்தப் புரதத்திலும் ஒட்டாத சும்மாச் சாயம் ஒரு பெரிய பட்டையாக நின்றது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, டீலர் இதை வைத்துத்தான் சமாளிக்கப் பார்த்தார். “பிஎஸ்ஏ எல்லா குப்பியிலும் ஸ்டெபிலைசரா இருக்கும் மேடம்.” இருக்கும். ஆனால் ஒழுங்கான தயாரிப்பாளர் ஆன்டிபாடியைச் சுத்தம் செய்து, சாயம் ஏற்றி, மிச்சச் சாயத்தை வடிகுழலில் (column) வடித்த பிறகுதான் பிஎஸ்ஏ சேர்ப்பார். அந்த பிஎஸ்ஏ கூமாஸியில் தெரியும், நீல ஒளியில் தெரியாது. எங்கள் குப்பியில் பிஎஸ்ஏவே எரிகிறது என்றால், சாயம் ஊற்றும்போதே அது உள்ளே இருந்திருக்கிறது. இந்தச் சாயங்கள் புரதங்களில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமைன் முனையில் போய் ஒட்டுபவை. ஆன்டிபாடி, ஆல்புமின் என்ற பேதம் அவற்றுக்குக் கிடையாது. பிஎஸ்ஏ அதிகம் இருந்தால் சாயத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். எங்கள் வெட்டு முழுக்கப் பச்சையாக எரிந்தது சாயமேறிய ஆல்புமினும் சும்மாச் சாயமும் கண்ட இடத்தில் ஒட்டியதால்தான்.

அடுத்தது இதைவிட மோசம். 50இல் இருந்த அந்த மங்கல் கோடாவது பாக்ஸ்7 மோனோகுளோனல்தானா? நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஒரு மைக்ரோலிட்டர் பொட்டு வைத்தோம். பக்கத்தில் எங்களிடம் இருந்த சுண்டெலி ஆன்டிபாடி ஒரு பொட்டு, முயல் ஆன்டிபாடி ஒரு பொட்டு. இதுபோல் இரண்டு தாள். ஒன்றில் சுண்டெலியை மட்டும் பிடிக்கும் செகண்டரி, மற்றதில் முயலை மட்டும் பிடிக்கும் செகண்டரி. வாங்கிய சரக்கு சுண்டெலித் தாளில் வெறுமை, முயல் தாளில் கறுப்பு. “மவுஸ் மோனோகுளோனல், ஐஜிஜி1” என்று லேபிளில் அச்சடித்திருந்த குப்பிக்குள் முயல் ஆன்டிபாடி. முயலிலும் இப்போது அருமையான மோனோகுளோனல்கள் வருகின்றன, முயல் என்பதே குற்றம் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒன்றை வைத்திருப்பவர் அதைச் சுண்டெலி என்று சொல்லி ஏன் விற்கப்போகிறார்? மலிவான முயல் பாலிகுளோனலை (பல செல்களின் ஆன்டிபாடிகள் கலந்தது) பிஎஸ்ஏவோடு மொத்தமாக வாங்கி, சுத்தம் செய்யாமல் சாயத்தை ஊற்றி, லேபிள் ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என் கணிப்பு.

முயல் என்றாலும் பாக்ஸ்7ஐப் பிடித்தால் சரிதானே என்று எங்கள் கமிட்டியிலேயே ஒருவர் கேட்டார். சரியில்லை. ஒரே ஒரு பி செல்லின் வழிவந்த ஆன்டிபாடியைக் கெடாமல் எடுத்துக்கொண்டே இருக்கலாம் என்று கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் காட்டியதன் பயனே, அடுத்த லாட்டிலும் அதே ஆன்டிபாடி கிடைக்கும் என்பதுதான். பாலிகுளோனலில் அந்த முயல் செத்தால் கதை முடிந்தது. நாங்கள் பணம் கொடுத்தது அந்தத் தொடர்ச்சிக்கு.

இப்படி ஏமாறுவது நம் ஊரில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். டொராண்டோவில் ஒரு குழு கணையப் புற்றுக்கு அடையாளம் என்று நம்பி ஒரு புரதத்தை அளக்கும் கிட்டோடு இரண்டு ஆண்டு உழைத்து, சுமார் 5 லட்சம் டாலர் செலவான பிறகு, கிட் பிடித்துக்கொண்டிருந்தது சிஏ125 என்ற முற்றிலும் வேறு புரதத்தை என்று கண்டது. 2014இல் அதை வெளிப்படையாக எழுதவும் செய்தார்கள். வொய்க்காரோஸ் என்ற கூட்டமைப்பு 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளை, அந்தந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டது. குறிப்பிட்ட ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தோற்றவை பாதிக்கு மேல். ஆன்டிபாடியின் மரபணுவை வைத்துச் செல்லில் உற்பத்தி செய்யும் ரீகாம்பினன்ட் வகைதான் மற்றவற்றைவிட நன்றாக நின்றது.

ஆக, கொட்டேஷன் கேட்கும்போதே கேட்க வேண்டியதில் முதலாவது குளோன் பெயர். அதைச் சொல்ல மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், விலை என்னவானாலும். குளோன் பெயர் தெரிந்தால் அதை வைத்து யார் யார் எந்த விலங்கில், எந்தத் திசுவில் பயன்படுத்தினார்கள் என்று பழைய கட்டுரைகளில் தேடிவிடலாம். தெரியாவிட்டால் டேட்டாஷீட்டில் உள்ள எதையும் சரிபார்க்க வழியில்லை. “சிக்கன்: ப்ரெடிக்டட்” என்று போட்டிருந்தால், கோழியில் யாரும் செய்து பார்க்கவில்லை என்று பொருள். ஓர் ஆன்டிபாடிக்கு எத்தனை சாய மூலக்கூறு ஏறியிருக்கிறது என்ற எண்ணையும், அது பிஎஸ்ஏ சேர்க்கும் முன் அளந்ததா என்பதையும் அந்த லாட்டுக்கே கேளுங்கள். பிஎஸ்ஏ கலந்த பிறகு 280 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் பிஎஸ்ஏவும் சேர்ந்தே கணக்கில் வரும், அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. நாலைந்து மூலக்கூறு என்றால் நன்று. எக்கச்சக்கமாக ஏற்றினால் சாய மூலக்கூறுகள் ஒன்றன் ஒளியை ஒன்று மங்கவைக்கும், ஆன்டிபாடியும் இலக்கில் ஒட்டாது.

எங்கள் வேலை இப்போது வேறு வழியில் நடக்கிறது. கருவளர்ச்சி ஆய்வுக்கென்றே 1986 முதல் இயங்கும் டெவலப்மென்டல் ஸ்டடீஸ் ஹைப்ரிடோமா பேங்க் (ஆன்டிபாடி சுரக்கும் செல்வழிகளைச் சேமித்து வழங்கும் நிலையம்) அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பாக்ஸ்6, பாக்ஸ்7 ஆன்டிபாடிகள் இரண்டும் குளோன் விவரத்தோடு அங்கே கிடைக்கும், நாங்கள் வாங்கிய குப்பியோடு பார்த்தால் விலையும் மிகக் குறைவு. அவர்களுடைய சூப்பர்நேட்டன்ட்டில் (செல்களை வளர்த்த திரவம்) ஆல்புமின் நிறைந்த சீரம் இருக்கும், அதில் நேரடியாகச் சாயம் ஏற்றினால் மேலே சொன்ன ஆல்புமின் கதையேதான். சுத்தம் செய்ததை வாங்கி, சுண்டெலி ஐஜிஜியின் வால்பகுதியைப் பிடிக்கும், ஏற்கெனவே சாயமேறிய ஃபேப் துண்டுகளோடு (ஆன்டிபாடியில் இலக்கைப் பிடிக்கும் பகுதி மட்டும்) குழாயிலேயே கலந்து, மிச்சத் துண்டுகளைச் சும்மாச் சுண்டெலி ஐஜிஜி போட்டு அடக்கிவிட்டு, கடைசியாக வெட்டின் மேல் ஊற்றுகிறோம். கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. நோட்டோகார்டு இருட்டாக இருக்கிறது.

டீலர் அதே லாட்டிலிருந்து இன்னொரு குப்பி தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்று எழுதிவிட்டோம். ஜெல் படத்தையும் பொட்டுத் தாளையும் இணைத்து, பணத்தைத் திருப்பக் கேட்ட கடிதம் கமிட்டியில் நிலுவையில் இருக்கிறது. இதற்கிடையில் எங்கள் கைடு ஆர்டர் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தார்: “குளோன், மூல விலங்கு, ஐசோடைப் ஆகியவை லேபிளில் உள்ளபடியே இருப்பதையும், சாயம் ஆன்டிபாடியின் மேல் ஏறியிருப்பதையும் பொட்டு, ஜெல் சோதனைகளில் உறுதிசெய்த பிறகே ஸ்டாக் என்ட்ரியும் பணமும்.” அக்கவுண்ட்ஸில் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். அந்த வரியோடு போன முதல் கொட்டேஷன் கோரிக்கைக்கு இரண்டு டீலர்கள் குளோன் பெயரோடு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாமவர் ப்ரொப்ரைட்டரி என்றார், அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை.